வெள்ளையடித்த அன்று ஓடிப்போன பூனை

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்த அன்று நான் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று முழுக்க நான் எரிந்து எரிந்து விழுந்ததற்குப் பாதிக் காரணம் தூக்கம் கெட்டது. மீதிப் பாதிக்கு அந்தப் பூனைதான் பொறுப்பு.

அறுபதுகளின் நடுவில் நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்தவர்களுக்கு வெள்ளையடிப்பு என்றால் என்னவென்று தெரியும். பிளாக்கின் ஒரு கோடியில் ஆரம்பித்து வரிசை வரிசையாக அடித்துக்கொண்டு வருவார்கள். முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரி வந்து கேட்டைத் தட்டி, "நாளிக்கு உங்க வூடு சார். சாமானெல்லாம் வெளிய எடுத்து வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நாளைக்கு முடியாது, நான் தூங்க வேண்டும் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. முறை தப்பினால் அடுத்த முறை எப்போது வரும் என்று மேஸ்திரிக்கே தெரியாது.

ஆக, சுரங்கத்துப் புழுதி தலையில் இருக்கும்போதே கட்டிலைக் கழற்றினேன். டிரங்குப் பெட்டி, அரிசி டின், ஸ்டவ், சாமி படங்கள், பாய் தலையணை என்று வீட்டுக்குள் இருந்ததெல்லாம் முன்வாசலுக்கு வந்தது. நம் பாயில் இருக்கிற கிழிசல் தெருவுக்கே தெரிகிற நாள் அது. பக்கத்து வீட்டு ஃபிட்டர் பல் விளக்கிக்கொண்டே வந்து, எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் எதைப் பார்த்தாலும் ஒரு யோசனை சொல்லாமல் போகமாட்டார்.

பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் தலைப்பிரசவத்துக்குப் பண்ருட்டிப் பக்கத்தில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தை பிறந்த அன்றே இறந்துவிட்டது. சேதி சொல்ல வந்த ஆள் என்னைத் தேடிப் பிடித்தபோது நான் சுரங்கத்துக்குள் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலையில் இருந்தேன். மேலே வந்து, பஸ் பிடித்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பச்சைக் குழந்தையை வைத்திருக்க மாட்டார்கள், உடனே புதைத்துவிடுவார்கள், சடங்கு எதுவும் கிடையாது. பெண் குழந்தை என்ற ஒரே ஒரு தகவல்தான் எனக்குக் கிடைத்தது. வாசலிலேயே மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த எடுக்காதீங்க மாப்ள. பேசப் பேசத்தான் அது மனசுல தங்கிக்கும்" என்றார். பெரியவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் எடுக்கவில்லை.

அவள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்தாள். வேளைக்குச் சமைத்தாள், துவைத்தாள். ஆனால் வாசல் கேட்டைத் தாண்டுவதில்லை. என்னிடம் பேச்சு, "சோறு போடட்டா", "போதுமா" என்பதோடு சரி. அப்படியே மாதங்கள் போயின. இவளுக்கு ஒரு துணை இருந்தால் நல்லது என்று, கூட வேலை செய்கிறவர் வீட்டுப் பூனை போட்ட குட்டிகளில் ஒன்றை டிஃபன் கேரியர் பையில் போட்டு, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாம்பல் நிறம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். வழியெல்லாம் அது கத்திய கத்தலில் பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

நான் செய்த காரியம் பலித்தது. பலித்ததுதான் வினை. அவள் பூனையிடம் பேச ஆரம்பித்தாள். நான் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வரும்போது கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும், என்னவோ சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் கதவைத் தட்டியதும் நின்றுவிடும். தெருநாய்களுக்குப் பயந்து பூனையை அவள் வெளியே விடுவதே இல்லை. அது வளர்ந்து பெரிதாகியும் மண்ணை மிதித்ததில்லை. இரண்டு பேரும் சன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொண்டுவந்தவன் நான், என்னைக் கண்டால் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். எனக்கு அந்தப் பூனையைக் கண்டாலே ஆகாது. அதே சமயம், அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. மாமனார் ஏற்கெனவே ஒருமுறை வந்து, "கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமே" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். வீட்டில் பேசுவதற்கு அந்த ஒரு ஜீவனும் இல்லையென்றால் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள், போனால் திரும்பமாட்டாள் என்று எனக்குப் பட்டது.

வெள்ளையடிப்பு அன்று அவள் பூனையைச் சமையலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, நாதாங்கியும் போட்டாள். "கடைசியா இந்த ரூம அடிங்க. நான் சொன்னப்புறம்தான் தொறக்கணும்" என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவருடைய ஆள் ஒருவனுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவன் யாரையும் கேட்கவில்லை. நாதாங்கியை எடுத்துக் கதவைத் திறந்தான்.

பூனை அவன் காலுக்கு நடுவே பாய்ந்தது. கூடத்தில் அதற்குத் தெரிந்த கட்டில் இல்லை, பெட்டி இல்லை, பாய் இல்லை. மூக்கைத் துளைக்கிற சுண்ணாம்பு நெடிதான் இருந்தது. ஒரு ஏணி சரிந்தது. பூனை சுண்ணாம்பு வாளிக்குள் ஒரு காலை விட்டுவிட்டு, நேரே வாசலைத் தாண்டி, சாமான்கள் மேல் ஏறிக் குதித்து, கேட்டுக்கு அடியில் நுழைந்து போயே போய்விட்டது. சிவப்பு மண்ணில் வெள்ளையாக ஒரு கால் தடம் மட்டும் விட்டு விட்டுத் தெரிந்தது. ரோடு ஓரம் வரைக்கும் போய் மங்கி நின்றது.

"எங்க பூடப் போவுது சார், பசிச்சா தானா வந்துடும்" என்றார் மேஸ்திரி. என் வாயில் நல்ல வார்த்தை வராது என்பதால் ஒன்றும் சொல்லாமல் ரோட்டுக்கு ஓடினேன்.

எங்கள் வரிசைக்கு எதிரே புதிதாக வடிகால் போடுவதற்காகப் பெரிய சிமெண்ட் குழாய்களைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மழைக்காலத்திலிருந்து அப்படியே கிடந்தன. அவற்றில் இரண்டை மட்டும் முட்டக் கொடுத்து ஒரே நீளமாக வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். உள்ளே, நட்ட நடுவில், இரண்டு பச்சைக் கண்கள்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன, கையை விட்டுத் தூக்கிக்கொண்டு போய்த் தூங்கலாம் என்று நினைத்தேன். தோள் வரைக்கும் உள்ளே நுழைந்து கையை நீட்டினேன். பூனை நாலு அடி நகர்ந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தது. நான் எழுந்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அது இந்தப் பக்கம் வந்தது. இப்படியே போனால் வெயில்தான் ஏறுமே தவிர வேறொன்றும் நடக்காது என்று எனக்குப் புரிவதற்குள் முழங்கை இரண்டும் தேய்ந்துவிட்டது.

பால் வைத்தேன். பின்வரிசை நாய் வந்து குடித்தது. ஃபிட்டர் வீட்டம்மா ஒரு துண்டு கருவாடு கொடுத்தார். அதைக் குழாய் வாயில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். இரண்டு காக்கைகளும் யார் வீட்டதென்று தெரியாத ஒரு கடுவன் பூனையும் வந்து சேர்ந்தன. கடுவனைப் பார்த்ததும் எங்கள் பூனை உள்ளே உறும ஆரம்பித்தது. கடுவனை விரட்டக் கல்லை எடுத்தால், கல் குழாயில் பட்டு, உள்ளே இருந்தது இன்னும் மிரண்டு இரண்டு குழாய்களும் சேர்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டது.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. டவுன்ஷிப்பில் ஒரே வரிசையில் ஏழெட்டு மாவட்டத்து ஆட்கள் இருப்பார்கள். பூனையைக் கூப்பிடுவதில்கூட ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவர் "பூஸ் பூஸ்" என்றார். ஒருவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டிச் சொடுக்குப் போட்டார். மூலைவீட்டு அம்மா ஒருத்தர் "ம்யா ம்யா ம்யா" என்று பூனையைவிட நன்றாகவே கத்தினார். எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டால் எந்தப் பூனை வரும்? நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

ஃபிட்டர் ஒரு திட்டம் வைத்திருந்தார். "ஒரு பக்கம் சாக்கைக் கட்டுவோம். இன்னொரு பக்கத்துல இருந்து கம்பை விட்டுத் தள்ளுவோம். சாக்குக்குள்ள வந்து விழுந்துரும், பாத்துக்கிடுங்க" என்றார். நல்ல திட்டமாகத்தான் தெரிந்தது. அவர் சாக்கோடு ஒரு பக்கம் உட்கார்ந்தார். நான் மூங்கில் கம்போடு மறுபக்கம் படுத்தேன். கம்பு நுனியால் அதைப் பட்டும் படாமல் தள்ளினேன். பூனை கம்பின் மேலேயே ஏறி என் முகத்தை நோக்கி வந்தது. நான் கம்பை விட்டுவிட்டுத் தலையை வெளியே இழுத்துக்கொண்டேன். அது பாதி வழியில் திரும்பிப் பழைய இடத்துக்கே போய்விட்டது. ஃபிட்டர் அந்தப் பக்கத்திலிருந்து, "ஏன் விட்டீங்க? சும்மா இருந்திருந்தா பிடிச்சிருக்கலாமே!" என்றார். என் மூக்கு அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

என் மனைவி கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நீ வந்து ஒருவாட்டி கூப்புடு. உன் கொரல் கேட்டா வந்துடும்" என்றேன். அவள் கூப்பிட்டாள். "குட்டி" என்று. அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அங்கிருந்தா கேக்குமா? ரோட்டத் தாண்டி வா. பத்தடி வெக்கிறதுக்கு என்னா?" என்று கத்திவிட்டேன். தெருவே கேட்டது. அவள் கையைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஷிஃப்ட் சங்கு ஊதியதும் கூட்டம் கலைந்தது. ஃபிட்டருக்கு செகண்ட் ஷிஃப்ட். சாக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, "தண்ணியை ஊத்திப் பாருங்க" என்று கடைசியாக ஒரு யோசனையையும் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். மேஸ்திரியும் ஆட்களும் சுண்ணாம்பு வாளிகளைக் கழுவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நான் சாமான்களையும் அந்தச் சாக்கையும் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். வீடு பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. ஒரு சுவர் எத்தனை வெள்ளையாக இருந்தால் எனக்கென்ன. அவள் சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் மறுபடி குழாய்க்கே போனேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ராத்திரி மறுபடியும் நான் வேலைக்குப் போக வேண்டும். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. நான் பஸ் ஏறிவிட்டால் அந்தக் கடுவனோ நாய்களோ வந்தே தீரும், விடிந்து வரும்போது குழாயும் காலியாக இருக்கும், வீடும் காலியாக இருக்கும் என்று தோன்றியது. மண்ணிலேயே குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் குழாய்க்குள் விட்டுக்கொண்டேன். சிமெண்ட் சில்லென்று இருந்தது. பூனை நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தக் கோடியில் வெளிச்சம் மங்கிவிட்டது.

எனக்கு அப்போது பூனையைக் கெஞ்சத் தெம்பில்லை. திட்டத் தெம்பிருந்தது.

"ஏய், உன்ன யாரு கொண்டாந்தது? நான்தான? பஸ்ல அத்தன பேரு சிரிக்க மடியில வச்சிக்கினு வந்தேன். என்னா கொற வச்சேன் உனக்கு?"

பூனை காதைத் திருப்பியது.

"நீயும் அவளும் நாளெல்லாம் பேசிக்கினு கெடக்கறீங்க. நான் உள்ள நொழஞ்சா ரெண்டு பேருக்கும் வாயி கட்டிப் போவுது. நான் என்னா பேயா? சம்பாரிச்சுப் போடறவன்கிட்ட ஒரு வார்த்த கெடையாது. உன்கிட்ட மட்டும் அப்பிடி என்னாதான் சொல்றா? சொல்லு. நீயாவது சொல்லு."

குழாய்க்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அது என்னை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. தூக்கம் இல்லாதவனுக்கு வாய் அடங்காது.

"அந்தப் புள்ளயப் பத்தி உன்கிட்ட சொல்லியிருப்பா. என்கிட்டதான் சொல்லல. நான் அது மூஞ்சியப் பாக்கல. நான் போறதுக்குள்ள பொதச்சிட்டாங்க. எங்கன்னு எடத்த மட்டும் காட்டுனாங்க, புது மண்ணு. யாரு ஜாடைன்னுகூட எனக்குத் தெரியாது. கேக்காதன்னாங்க, கேக்கல. நானும் அப்பன்தான? எனக்கும்தான அது செத்துப்போச்சு? ராவெல்லாம் பெல்ட்டு பக்கத்துல நின்னுக்கினு அதுக்கு ஒரு மூஞ்சி வச்சுப் பாக்கறேன், ஒண்ணும் வர மாட்டேங்குது. நான் யாருகிட்டப் போயி கேப்பேன்?"

முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். பெரிய ஆம்பளை, பூனையிடம் அழுதுகொண்டு படுத்திருக்கிறேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுகூட அப்போது எனக்கு வரவில்லை.

"காது உங்க காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலை குழாயின் மேல்பக்கம் இடித்தது. குரல் உள்ளேயிருந்து வந்தது. பூனைக்குப் பின்னால், அந்தக் கோடியில், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு தலை தெரிந்தது. முகம் தெரியவில்லை, இருட்டாகத்தான் இருந்தது. அவள் எப்போது கேட்டைத் திறந்தாள், எப்போது ரோட்டைத் தாண்டினாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை அடைக்க ஆள் இல்லையே என்று சாக்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதைப் பிறகுதான் சொன்னாள்.

"காது மட்டும் அப்பிடியே உங்க காது. மேல லேசா மடிஞ்சிக்கினு இருந்துச்சு" என்றாள். "மூக்கு எங்கம்மாவோடது."

"அழுதுச்சா?" என்று கேட்டேன்.

"ஒருவாட்டி. சின்னதா."

"நீ கேட்டியா?"

"கேட்டேன். கேட்டுக்கினுதான் இருந்தேன், இன்னொருவாட்டி அழுவும்னு."

பூனை நடுவில் உட்கார்ந்து ஒருதரம் அவளைப் பார்த்தது, ஒருதரம் என்னைப் பார்த்தது.

"நீங்க ஒருவாட்டிகூட கேக்கலியே" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்கப்பாதான் கேக்கக் கூடாதுன்னாரு. பேசுனா உனக்கு மனசுல தங்கிப்போவும்னாரு."

அந்தக் கோடியிலிருந்து அவள் சொன்னாள்: "என்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னாங்க. அவர்கிட்ட எதையும் சொல்லாத, ஆம்பளைங்க மறந்துட்டு வேலயப் பாக்கட்டும்னு."

எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க யாரும் இல்லை. நல்லதுக்குத்தான் சொன்னார்கள், எல்லோருமே நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்ன நல்லதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில் ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அப்போது பூனை எழுந்தது. உடம்பை நீட்டி முறித்துக்கொண்டு, என்னவோ அதற்கு இப்போதுதான் நேரம் வந்தது போல, என் பக்கமாக நடந்து வந்தது. என் கன்னத்தை உரசிக்கொண்டு, தோளில் ஏறி, முதுகில் நடந்து வெளியே இறங்கியது. அதைப் பிடிக்க நான் கையைத் தூக்கவே இல்லை. தலையை மட்டும் வெளியே இழுத்துத் திரும்பிப் பார்த்தேன். அது அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்து, திறந்து கிடந்த கேட்டுக்குள் போய், திறந்து கிடந்த கதவுக்குள்ளும் போய்விட்டது.

"போயிடுச்சா?" என்று குழாயின் அந்தக் கோடியிலிருந்து அவள் கேட்டாள்.

"உள்ள போயிடுச்சு."

உடனே எழுந்து ஓடிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் அந்த ஒரு கதவைச் சாத்துவதற்குத்தான். நான் தலையை மறுபடியும் குழாய்க்குள் விட்டுக்கொண்டேன்.

"வெரலெல்லாம் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.